சிவப்பு வண்டியின் விக்கல்

தாண்டவராயன் சாப்பிடும்போது சாலையில் ஏதாவது வண்டி போனால் அவன் கை நின்றுவிடும். பிசைந்த சோறு விரலில் இருக்கும், வாய் பாதி திறந்திருக்கும், கண் எதையும் பார்க்காது. வண்டி திருக்கழுக்குன்றம் சாலையின் வளைவைத் தாண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் கவளம் உள்ளே போகும். போகும்போதே, "டைமிங்கு தள்ளிப்போய் கீது" என்றோ "கிளச்சு தேஞ்சி பூட்ச்சி" என்றோ சுவரைப் பார்த்துச் சொல்வான்.

கல்யாணமான புதிதில் அவன் மனைவி வச்சலா இதைக் கண்டு தன் குழம்பில்தான் ஏதோ குறை என்று பயந்துபோனாள். பிறகு பழகிவிட்டது. அவள் தங்கை கல்யாணப் பந்தியிலும் இப்படித்தான் இலைக்கு முன்னால் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். பாயசம் ஊற்ற வந்தவர், மூத்த மாப்பிள்ளைக்கு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து, வாளியோடு ஓடிப்போய் மாமனாரைக் கூட்டிவந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா, லாரி போச்சி," என்றான் தாண்டவராயன். வாங்கிக்கொள்ளாமல் விட்டது பாயசம் என்று தெரிந்ததும்தான் அவனுக்கு உண்மையிலேயே வருத்தம் வந்தது.

வச்சலா அதிகம் பேசமாட்டாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். வெளி ஆள் வந்து ஏதாவது கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று பாதி பதில் சொல்வாள், மீதியைத் தலையாட்டலில் முடித்துவிடுவாள். ஆனால் பார்ப்பாள். வீட்டுக்கும் தாண்டவராயனின் மெக்கானிக் ஷெட்டுக்கும் நடுவே ஒரு தென்னந்தட்டிதான். அதன் இடுக்கு வழியாக அவள் பார்க்காத வண்டி அந்த ஷெட்டுக்கு வந்ததில்லை.

சிவப்பு வண்டி வந்தபோது ஷெட் வைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் தாண்டவராயன் செங்கல்பட்டில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் இருந்தான். கம்பெனி கைமாறியதும் புது மேனேஜரோடு ஒத்துவரவில்லை. எழுபத்துநாலில் வெளியே வந்து, ஊர் முடிகிற இடத்தில் நாலு கம்பம் நட்டு, தகரம் போட்டு, வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்க ஒரு குழியும் வெட்டிக்கொண்டான். குழி நன்றாக அமைந்தது. வண்டிகள்தான் சரியாக அமையவில்லை. வாரத்துக்கு ஒரு டாக்சி, எப்போதாவது ஒரு அம்பாசிடர்.

அச்சரப்பாக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்த அவன் பெரியப்பா மகன் பக்தவச்சலம் மாதத்துக்கு ஒருமுறை வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மில்லில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வீட்டு மனுஷன் வேண்டும் என்பது அவர் ஆசை. "தை பொறக்கிறதுக்குள்ள இந்த ஷெட்டு நிக்கலேன்னா மூடிட்டு வந்துடு நைனா. தங்க வூடு கீது, திங்க அரிசி கீது, உனுக்கு இன்னா பேஜாரு?" என்பார். அவர் நல்லவர்தான். அதனாலேயே மறுத்துப் பேச முடியவில்லை. தாண்டவராயனும் "தை வரைக்கும் பாக்கறேன் அண்ணே" என்று ஒப்புக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்த வண்டியைச் சும்மா அனுப்பமாட்டான் தாண்டவராயன். கைகால் கழுவி, திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில் திருநீற்றை உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பட்டை போடுவான். கண்ணாடியிலும் ஸ்டியரிங்கிலும் பொட்டு வைப்பது அவனுக்குப் பிடிக்காது. "அதெல்லாம் ஊருக்குக் காட்றது. நெருப்பு எங்க பொறக்குதோ அங்க இடணும்," என்பான். பஸ் கம்பெனியில் டீசல் பம்பின்மேல் போட்டு வந்தான். சொந்த ஷெட்டில் பெட்ரோல் கார்கள் வந்ததும் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்கு மாறினான். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்பொறியைப் பங்கு பிரித்து அனுப்புகிற கறுப்பு மூடி அது. தடித்த ஒயர்கள் அதன் தலையிலிருந்து கிளம்பும். அந்த ஒயர்களுக்கு நடுவே மூன்று விரலால் மூன்று கோடு இழுப்பான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சற்று நிற்பான். வண்டிக்காரரும் நிற்பார்.

அந்தச் சிவப்பு வண்டி கார்த்திகைப் பாதியில் வந்தது. மேல்கூரை இல்லை, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு ஓடுகிற பந்தய ஜாதி. பானெட்டின் இரண்டு பக்கமும் மீன் செதில்போல வரிசையாகக் காற்று போகும் திறப்புகள். எதிரே டீக்கடை போட்டிருந்த அருணகிரி பாய்லரை விட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்த, சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் கட்டிகினு வந்துகீறாங்க!"

வண்டியிலிருந்து இறங்கியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். பெயர் கோபாலகிருஷ்ணன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எஞ்சினியர், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், கல்யாணமாகாதவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டியாம்.

"பிரேக் ஒரு பக்கமா இழுக்குதுங்கண்ணா. வேற ஒரு குத்தமும் இல்லீங்க," என்றார்.

தாண்டவராயன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டான். சோறில்லாமலே வயிறு நிறைந்த முகம். பிரேக்கை அன்று மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டான். பட்டையும் அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக விழுந்தது. கோபாலகிருஷ்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எங்க காலனியில நெறைய கார் இருக்குதுங்க. எல்லாத்துக்கும் மெட்ராஸ்தான் ஓடறோம். சொல்லி அனுப்பறேனுங்க," என்றார். அன்று இரவு வச்சலா அப்பளம் பொரித்தாள்.

அடுத்த வாரம் சிவப்பு வண்டி மட்டும் திரும்பி வந்தது.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்கண்ணா. காலையில கடலோரமா மாமல்லபுரம் போறனுங்க, நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யறதில்ல. திடீர்னு சரியாகும், திரும்ப அடிக்கும். இங்க வர வர நல்லாப் போயிருச்சுங்க."

தாண்டவராயன் எஞ்சினை ஓடவிட்டான். அது பட்டுத் துணி கிழிவதுபோல ஒரே சீராக ஓடியது. ஆக்சிலேட்டரை அழுத்தினான், விட்டான், காதைக் கொடுத்தான். "ஒரு விக்கல்கூட இல்லியே சார்!" என்றான். இருந்தாலும் பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தான், பாயின்ட்டைச் சரிபார்த்தான், பட்டை போட்டு அனுப்பினான்.

மறுபடி வந்தது. இந்தத் தடவை கண்டன்சரை மாற்றினான். மறுபடி வந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கோலமாவு சலிக்கிற மாதிரி சுத்தம் செய்தான். கோபாலகிருஷ்ணனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. கோயம்புத்தூரில் மோட்டார்ப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவரும் குனிவார். பெட்ரோல் டாங்கில் தண்ணீர் இருக்கிறது என்பது அவர் கட்சி. காயில் சூடாகிறது என்பது இவன் கட்சி. இரண்டையும் பார்த்தார்கள். ஷெட்டில் இருக்கும்வரை வண்டி நல்ல பிள்ளை. கடற்கரை போனதும் விக்கல்.

ஒவ்வொரு தடவையும் போகும்போது திருநீற்றுப் பட்டை மட்டும் கொஞ்சம் தடித்துக்கொண்டே போனது.

"அண்ணாத்த, செவப்பு வண்டிக்கு உன் வூட்லயே ரேஷன் கார்டு போட்டுடு. வாரா வாரம் வந்துகினு கீதே!" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான் அருணகிரி.

"நீ மொதல்ல உன் டீல பால் ஊத்துடா!" என்று பதிலுக்குக் கத்தினான் தாண்டவராயன். சிரித்துக்கொண்டுதான் கத்தினான். ஆனால் உள்ளே வந்தபோது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை என்பதை வச்சலா பார்த்தாள்.

இன்னொன்றையும் பார்த்தாள். ஒருநாள் கல்பாக்கம் பக்கமிருந்து சாம்பல் நிற ஹெரால்டு கார் ஒன்று வந்து ஷெட்டுக்கு எதிரே வேகம் குறைந்தது. ஓட்டியவர், பானெட் திறந்து கிடந்த சிவப்பு வண்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிற்காமலே போய்விட்டார். காலனியில் என்ன பேச்சு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செங்கல்பட்டில் கொடுத்த பிறகுதான் அந்த வண்டி கெட்டது என்றுதான் இருக்கும்.

மார்கழி பாதியில் பக்தவச்சலம் வந்தார். காலிக் குழியைப் பார்த்தார். "தை அறுப்பு வந்துட்ச்சின்னா மில்லு ஓயாம ஓடும் நைனா. வர்ற ஞாயித்துக்கெயம மத்தியானம் லாரி எடுத்துகினு வரேன். சாமான் ஏத்திக்கலாம்," என்றார். தாண்டவராயன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிண்ணே" என்றான்.

வச்சலா தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்த மில் எஞ்சினை அவள் கேட்டிருக்கிறாள். டக், டக், டக், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே அடி. அதைக் கேட்டு அவன் கை நிற்காது. கவளம் கவளமாக நிறுத்தாமல் சாப்பிட்டு எழுந்துபோகிற மனுஷனாக அவன் ஆகிவிடுவான். அதை நினைத்ததும் தட்டியின் இடுக்கிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

மறுநாள் கோபாலகிருஷ்ணன் ஒரு யோசனை சொன்னார். "வைத்தியர்கிட்ட வந்தா நோவு ஒளிஞ்சுக்குதுங்கண்ணா. நீங்க ஒருக்கா அங்க வாங்க. ராத்திரி தங்கி, விடியறதுக்கு முன்னாடி வண்டிய எடுக்கறப்பக் கேளுங்க."

அணுமின் காலனியை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் வச்சலாவின் சித்தி ஆதியம்மாள் இருந்தாள். ஆனால் பெண்டாட்டி இல்லாமல் பெண்டாட்டியின் சித்தி வீட்டில் போய் எப்படிப் படுப்பது? அதனால் சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வச்சலாவும் கிளம்பினாள். மறுநாள் மத்தியானம் லாரி வரப்போகிறது என்பதை இரண்டுபேரும் பஸ்ஸில் பேசவில்லை.

விடியற்காலை இருட்டில் ஆதியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று தாண்டவராயன் திடுக்கிட்டுப் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம். ஓடுகிறது, தடுக்குகிறது, ஓடுகிறது, தடுக்குகிறது.

"விக்குதுமே! வச்சலா, விக்குது!" என்று, குழந்தை பிறந்த சேதி கேட்டவன்போல வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"இன்னாடி இது, வண்டி கெட்டுப்போனதுக்கு இந்த மனுசன் இப்டிக் குதிக்கிறாரு?" என்றாள் ஆதியம்மாள்.

சிவப்பு வண்டி குலுங்கிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. ராத்திரியெல்லாம் பனியிலும் கடல் காற்றிலும் நின்ற வண்டி, தொட்டால் கை ஈரமாகியது. எஞ்சினை அணைக்காமலே பானெட்டைத் தூக்கினார்கள். கோபாலகிருஷ்ணன் டார்ச்சைப் பிடித்தார். தாண்டவராயன் காயிலைத் தொட்டான், ஜில்லென்று இருந்தது. பெட்ரோல் குழாயைப் பார்த்தான், ஒழுங்காக இருந்தது. எஞ்சின் விக்கிக்கொண்டே இருந்தது.

"தண்ணிதானுங்கண்ணா."

"தண்ணி இல்ல சார். தண்ணின்னா இப்டி விக்காது, ஒரேயடியா மூச்சு நின்னுடும்."

டார்ச் மங்கியது. கோபாலகிருஷ்ணன் அதைத் தொடையில் தட்டினார். ஒருமுறை பளிச்சென்று எரிந்துவிட்டு அணைந்துபோனது.

"இரு தம்பி, லாந்தர் கொண்டாறேன்," என்று ஆதியம்மாள் உள்ளே திரும்பினாள்.

வச்சலா அவர்களுக்குச் சற்றுப் பின்னால், முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். வெளிச்சம் போனதும் இருட்டு கண்ணுக்குப் பழகியது. எஞ்சினுக்குள் ஏதோ ஊர்ந்தது. மெல்லிய நீல நூல்போல. விட்டுவிட்டு ஓடியது. ஒவ்வொரு தடவை அது ஓடும்போதும் எஞ்சின் ஒருமுறை விக்கியது.

"சித்தி, வெளக்கு வோணாம்!" என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கோபாலகிருஷ்ணன் அந்தக் குரலை அதுவரை கேட்டதே இல்லை. வச்சலா வெட்கத்தில் கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"தொடாதமே, ஷாக் அடிக்கும்!"

"நான் எங்க தொட்டேன்? அங்க பாருங்க. பட்டைமேல ஓடுது."

பார்த்தார்கள். டிஸ்டிரிபியூட்டர் மூடியின் தலையில், ஒயருக்கும் ஒயருக்கும் நடுவே, தாண்டவராயன் பக்தியோடு இழுத்த மூன்று கோடுகளின் மேலே நீலப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி, சாமி காட்டிய வழியில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கோபாலகிருஷ்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று ஆதியம்மாள் பயந்தாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சாம்பல்ல உப்பு இருக்குதுங்க. கடல் காத்துல அது நனைஞ்சுக்குது, கரண்டு அது மேலயே ஓடுது. வெயில் வந்தா, எஞ்சின் சூட்டுல செங்கல்பட்டு வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு போயிருது. அய்யோ சாமி! ஏனுங்கண்ணா, நான் எத்தனை தடவை அந்த மூடியைச் சுத்தித் துடைச்சிருக்கறேன் தெரியுங்களா? இந்தப் பட்டைய மட்டும் அழிச்சா தப்பாயிருமேன்னு விட்டுட்டனுங்க!"

தாண்டவராயன் சிரிக்கவில்லை. பிரேக் பார்க்க வந்த வண்டி அது. விக்கலைக் கொடுத்தது தன் கை. அதை நீக்கவென்று கூடக் கூடப் பூசியதும் தன் கை. பஸ் கம்பெனியில் அத்தனை வருஷம் போட்டானே? அதெல்லாம் டீசல், பொறியே கிடையாது. டாக்சிகள் செங்கல்பட்டு வெயிலைத் தாண்டி எங்கும் போகாதவை. இந்த ஒரு வண்டிதான் செதில் திறப்பு வழியாகக் கடல் காற்றை உள்ளே வாங்கிக்கொண்டு ஓடியது.

"தொடச்சிடுங்கண்ணா," என்றார் கோபாலகிருஷ்ணன்.

"இட்ட கையால நானே அத்த அழிக்கறதா சார்?"

"எனக்கும் கை வரலீங்க."

வச்சலா முன்னால் வந்தாள். முந்தானையின் உலர்ந்த முனையால் மூடியைத் துடைத்தாள். துணியில் சேர்ந்த திருநீற்றைத் தரையில் உதறாமல் விரலால் தொட்டு முதலில் கணவன் நெற்றியில் இட்டாள், பிறகு தன் நெற்றியில். கோபாலகிருஷ்ணன் தானே நெற்றியைக் குனிந்து காட்டினார். அவருக்கு ஆதியம்மாள் இட்டுவிட்டாள். எஞ்சின் கரி கலந்த திருநீறு, மூன்றுபேர் நெற்றியிலும் கறுப்பாக விழுந்தது. மூடியில் பொறி சுட்டுப் பதிந்திருந்த மயிரிழைத் தடத்தைத் தாண்டவராயன் பிளேடால் சுரண்டி எடுத்தான். ஸ்டார்ட்டர் பித்தானை அழுத்தியதும் வண்டி ஒரே மூச்சில் பாடத் தொடங்கியது.

"அந்தம்மாவையும் ஏத்துங்கண்ணா," என்றார் கோபாலகிருஷ்ணன். இரண்டு சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற பலகையில் வச்சலாவை உட்காரவைத்தார்கள். மாமல்லபுரம்வரை அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள் என்று தாண்டவராயன் சொல்வான். மூடவில்லை. சவுக்குத் தோப்புகள் ஓடுவதையும், தோப்புக்கு நடுவே கடல் வெளுப்பதையும், கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து கையாட்டியதையும் எல்லாம் பார்த்தாள். வழியெல்லாம் ஒரு விக்கல் இல்லை.

திரும்பும் வழியில் கோபாலகிருஷ்ணன் காலனிக்குள் நுழைந்து வீட்டுக்கு வீடு நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னார். தாண்டவராயனுக்கு மானம் போயிற்று என்று இருந்தது. சாம்பல் நிற ஹெரால்டுக்காரர் நரசிம்மன் சவரம் பாதியில் வெளியே வந்து கேட்டுவிட்டு, சோப்பு நுரையோடு சிரித்தார். "என் வண்டியிலயும் பட்டை போட்டுடாதய்யா!" என்றார். மற்றப் பாதி முகத்தையும் மழித்துக்கொண்டு, ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பின்னாலேயே கிளம்பி வந்தார். இன்னொரு அம்பாசிடரும் கூடவே வந்தது.

ஷெட்டில் மில் லாரி நின்றிருந்தது. பக்தவச்சலம் டீக்கடைப் பெஞ்சில் காத்திருந்தார். வரிசையாக மூன்று கார்கள் வந்து நிற்பதையும், முதல் காரிலிருந்து கறுத்த நெற்றியோடு தம்பி இறங்குவதையும் பார்த்து எழுந்தார்.

"இன்னா அண்ணாத்த, ஊர்கோலமா? மேளம் எங்க?" என்றான் அருணகிரி.

தாண்டவராயன் நடந்ததை அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். பக்தவச்சலம் சிரித்ததில் டீக்கடைச் சீசாவில் இருந்த பிஸ்கட்டெல்லாம் ஆடின. சிரித்து முடித்துக் கார்களைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"அப்ப மில்லு எஞ்சினுக்கு நான் வேற ஆளு பாக்கணுமா?"

தாண்டவராயன் தயங்கினான். கொடுத்த வாக்கு இருக்கிறதே.

"பாக்கணும் மாமா," என்றாள் வச்சலா, தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று.

அவர் அவளைப் பார்த்தார். "நீயே சொல்லிட்டியா! செரி, துன்றதுக்கு இன்னா கீது வூட்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். வச்சலா வடித்துப்போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் காலி லாரியோடு கிளம்பினார்.

அந்த வருஷம் முழுக்க, பட்டை மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும் என்று வண்டிகள் வந்தன. சிரிக்க வந்தவர்கள்கூட கிளம்பும்போது சைலன்சரையோ லைட்டையோ சரிபண்ணிக்கொண்டு போனார்கள். இப்போது தாண்டவராயன் திருநீறு இடுவது முன்பக்க பம்பரில்தான்.

கோபாலகிருஷ்ணன் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய்க்கு மாற்றலாகிப் போய்விட்டார். சிவப்பு வண்டியை நரசிம்மன் வாங்கிக்கொண்டார். இந்த எழுபத்தொன்பதாம் வருஷம் ஷெட்டுக்குத் தகரம் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்திருக்கிறது, இரண்டாவது குழியும் வெட்டியாகிவிட்டது. வேலைக்கு இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். தாண்டவராயன் இல்லாத நேரத்தில் வருகிறவர்களிடம் வண்டிக்கு என்ன என்று வச்சலாதான் கேட்டு வைத்துக்கொள்கிறாள்.